அணுவும் அதன் நிறையும்

சென்னை மாநகருக்கு வடக்கே, கொல்கத்தாவை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையையும் இருப்புப் பாதையையும் ஒட்டி அமைந்துள்ள ஊர் கும்மிடிப்பூண்டி. திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில், ஆந்திர எல்லையை அடுத்து அஃது உள்ளது. ஒருபால் நெல்வயல்களும் ஏரிகளும் விளங்க, மற்றொருபால் சிப்காட் தொழிற்பேட்டையின் புகைபோக்கிகள் ஓங்கி நிற்கும். அங்குள்ள உருக்காலைகளில் பழைய இரும்பு மலைபோல் குவிக்கப்பெற்றிருக்கும். உடைந்த எந்திரங்கள், துருவேறிய தகடுகள், வளைந்த குழாய்கள் யாவும் மின் உலையில் இடப்பெற்று, செந்தழற் குழம்பாகி, மீண்டும் உறைந்து, வீடு கட்டுவதற்குரிய முறுக்குக் கம்பிகளாக வெளிவருகின்றன.

அக்கம்பியில் ஒரு கிலோகிராம் அளவு வெட்டி எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் அதன் கனம் கையை அழுத்தும். அந்த நிறை கம்பியின் எப்பகுதியில் உறைகின்றது? கம்பி முழுவதும் ஒரே சீராகப் பரவிக் கிடக்கின்றது என்றே எவரும் விடையிறுப்பர். கண்ணுக்கும் கைக்கும் அவ்வாறே தோன்றுகின்றது. ஆனால் உண்மை அதுவன்று. அவ்வுண்மையை மனிதன் அறிந்துகொண்ட வரலாறும், அதனால் நம் மாவட்டத்தார்க்கு விளைந்த பயனும் அறியத்தக்கவை.

நிறை என்னும் சொல் தமிழில் மிகப் பழையது. அளவுப் பெயர்களுக்கும் நிறைப் பெயர்களுக்கும் முதலாக வரும் எழுத்துகள் ஒன்பது எனத் தொல்காப்பியர் வரையறுத்துள்ளார். அவர் காலத்திலேயே தமிழர் நிறுத்தலையும் அளத்தலையும் வேறுவேறாக வகுத்திருந்தனர் என்பது இதனால் விளங்கும். அறிவியலார் நிறையையும் எடையையும் வேறுபடுத்துவர். ஒரு பொருளில் அடங்கியுள்ள பொருண்மையின் அளவு நிறை. அப்பொருளைப் பூமி தன்பால் ஈர்க்கும் விசை எடை. ஒரு கிலோகிராம் இரும்பைச் சந்திரனுக்குக் கொண்டு சென்றால் அதன் எடை ஆறில் ஒரு பங்காகக் குறையும். நிறையோ சிறிதும் குறையாது.

அணு என்னும் சொல்லும் நமக்குப் புதியதன்று. பொருள்களைப் பகுத்துக்கொண்டே சென்றால் இறுதியில் பகுக்க இயலாத நுண்துகள் எஞ்சும் என வைசேடிக நூலார் கொண்டனர். கிரேக்க நாட்டு டெமாக்கிரிட்டசும் அவ்வாறே கருதினார். கம்பர் இன்னும் ஒருபடி மேலே சென்று, அணுவை நூறு கூறிட்டால் கிடைக்கும் ஒரு கூற்றினைக் 'கோண்' எனக் குறிக்கின்றார். இவற்றைக் கொண்டு, இன்றைய அணுவியலை முன்னோர் அன்றே அறிந்திருந்தனர் என்று பெருமை பேசுவது பொருந்தாது. அவர்கள் எண்ணத்தால் கண்டார்கள். இன்றைய அறிஞர்கள் நிறுத்தும் அளந்தும் சோதித்தும் கண்டார்கள். எண்ணம் விதை, சோதனையே விளைச்சல். இரண்டையும் ஒன்றெனக் கொள்ளுதல் இருவர்க்கும் பெருமை சேர்ப்பதாகாது.

சோதனை வழிப்பட்ட அணுக்கொள்கையை வகுத்தவர் இங்கிலாந்து நாட்டு ஜான் டால்டன். 1808-இல் வெளிவந்த தம் நூலில், ஒவ்வொரு தனிமத்தின் அணுவுக்கும் தனித்த நிறை உண்டு என அவர் விளக்கினார். அவர் கருத்தில் அணு பிளக்க முடியாதது. அக்கருத்து ஏறத்தாழ 90 ஆண்டுகள் அசையாது நின்றது. 1897-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஜே. ஜே. தாம்சன் என்பார், அணுவினுள்ளிருந்து வெளிப்படும் எதிர்மின் துகளைக் கண்டறிந்தார். அதுவே எலக்ட்ரான் எனப்படுவது. எல்லா அணுக்களிலும் எளியதாகிய ஹைட்ரஜன் அணுவின் நிறையில் ஏறத்தாழ 1,837-இல் ஒரு பங்கே அதன் நிறை. பிளக்க முடியாதது எனப்பட்ட அணுவுக்கும் உறுப்புகள் உண்டு என்பது அன்று உறுதியாயிற்று.

அங்ஙனமாயின், எஞ்சிய நிறை எங்கே உள்ளது? தாம்சன் ஒரு விடை கூறினார். நேர்மின் தன்மை கொண்ட பொருள் அணு முழுவதும் உருண்டையாகப் பரவியுள்ளது. அதனூடே எலக்ட்ரான்கள் இலட்டு உருண்டையில் உலர்திராட்சை பதிந்திருப்பது போலப் பதிந்துள்ளன என்றார். கேட்பார்க்கு இஃது இயல்பாகவே தோன்றியது. ஆயினும், இயல்பாகத் தோன்றுவதெல்லாம் மெய்யாகிவிடுமா? சோதித்துப் பார்த்தலன்றோ முறை?

அச்சோதனையை நிகழ்த்தியவர் நியூசிலாந்தில் பிறந்த எர்னஸ்ட் ரூதர்போர்டு. மான்செஸ்டர் நகரில் அவர் தலைமையில் கைகர், மார்ஸ்டன் என்னும் இருவர் 1909-இல் அதனைச் செய்தனர். ரேடியம் போன்ற பொருள்களிலிருந்து ஆல்பாத் துகள்கள் மிகுந்த விரைவுடன் வெளிப்படும். அத்துகள்களை மிக மெல்லிய உலோகத் தகடுகளின்மீது அவர்கள் செலுத்தினர். பெரும்பாலான துகள்கள் தகடு ஒன்று குறுக்கே இல்லாதது போலவே ஊடுருவிச் சென்றன. ஆனால் ஏறத்தாழ 8,000 துகள்களில் ஒன்று, சுவரில் எறிந்த பந்து போல, வந்த திசைக்கே திரும்பி வந்தது! மெல்லிய தாளின்மீது எய்த பீரங்கிக் குண்டு திரும்பிவந்து எய்தவனையே தாக்கினாற் போன்ற வியப்பினை அது தந்தது என ரூதர்போர்டு பிற்காலத்தில் நினைவு கூர்ந்தார்.

அவர் வியப்போடு நின்றுவிடவில்லை, காரணத்தை ஆராய்ந்தார். ஆல்பாத் துகள் எலக்ட்ரானைப்போல் 7,000 மடங்குக்கு மேற்பட்ட நிறையுடையது. ஈ ஒன்று மோதினால் ஓடும் தேர் திரும்புமா? எனவே அதனைத் திருப்பியது எலக்ட்ரான் அன்று. அணு முழுவதும் மென்மையாகப் பரவிய பொருளும் அதனைத் திருப்பியிருக்க இயலாது. அணுவின் நேர்மின்னும் நிறையும் ஒரு சிறு புள்ளியில் செறிந்திருந்தாலன்றி இது நிகழாது. அவ்வாறு செறிந்த புள்ளி மிகச் சிறியதாக இருப்பதனாலேயே 8,000-இல் ஒரு துகளே அதனை நெருங்கித் திரும்புகின்றது. ஏனையவை வெற்றிடத்தின் வழியே கடந்துவிடுகின்றன. இம்முடிவினை 1911-இல் அவர் உலகுக்கு அறிவித்தார். அச்சிறு புள்ளியே அணுக்கரு எனப்படும்.

அணுக்கருவினுள் இருவகைத் துகள்கள் உள்ளன. நேர்மின் கொண்ட புரோட்டான் ஒன்று. மின் தன்மையற்ற நியூட்ரான் மற்றொன்று. நியூட்ரானை 1932-இல் ஜேம்ஸ் சாட்விக் கண்டறிந்தார். இரண்டும் ஏறத்தாழ ஒரே நிறையுடையவை. ஓர் அணுவில் புரோட்டான்கள் எத்தனையோ, எலக்ட்ரான்களும் அத்தனையே. அவ்வெண்ணிக்கையே அத்தனிமம் யாது என்பதனை முடிவு செய்வது. இரும்பு அணுவில் 26 புரோட்டான்கள் உள்ளன. 26 இருப்பின் அஃது இரும்பு. 27 ஆயின் கோபால்ட்டு. 28 ஆயின் நிக்கல். இயற்கையில் கிடைக்கும் இரும்பு அணுக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 92 அணுக்கள் 26 புரோட்டான்களோடு 30 நியூட்ரான்களையும் உடையவை. இரண்டையும் கூட்டினால் 56. இதனை நிறையெண் என்பர்.

இப்பொழுது நம் கையிலுள்ள ஒரு கிலோகிராம் கம்பிக்கு வருவோம். அதிலுள்ள எலக்ட்ரான்கள் அனைத்தையும் தனியே திரட்டி நிறுக்க இயலுமாயின், அவற்றின் நிறை ஏறத்தாழ கால் கிராமே இருக்கும். எஞ்சிய 999 முக்கால் கிராமும் அணுக்கருக்களின் நிறையாகும். ஒரு டன் இரும்பை ஏற்றிய வண்டியில் எலக்ட்ரான்களின் பங்கு கால் கிலோகிராம் மட்டுமே. இந்நிறை முழுவதையும் தாங்கும் கருவோ, அணுவின் அகலத்தில் ஏறத்தாழ 27,000-இல் ஒரு பங்கே அகலமுடையது. இரும்பின் அணுக்கருவை ஒரு கடுகின் அளவுக்குப் பெருக்கினால், அணுவின் அகலம் 50 மீட்டரைக் கடந்துவிடும். பெரியதொரு கோயில் குளத்தின் நடுவே ஒரு கடுகு கிடக்கின்றது. குளத்தின் நிறை யாவும் அக்கடுகினுள்ளேயே உள்ளது. இவ்வாறு எண்ணிப் பார்த்தால் அணுவின் அமைப்பு ஒருவாறு மனத்தில் பதியும். அணுக்கருப் பொருளை மட்டும் நெருக்கி ஒரு கடுகளவு சேர்த்தால், அதன் நிறை ஏறத்தாழ 10 இலட்சம் டன் ஆகும்.

அவ்வாறாயின் அணுவின் பெரும்பகுதி வெற்றிடமா? இரும்பு நம் கையில் ஏன் உறுதியாக நிற்கின்றது? கை அதனூடே ஏன் புகுந்துவிடவில்லை? ஈண்டுதான் எளிய எலக்ட்ரானின் ஆற்றல் புலப்படுகின்றது. எலக்ட்ரான்கள் சூரியனைச் சுற்றும் கோள்கள் போல வரையறுத்த பாதையில் ஓடும் உருண்டைகள் அல்ல. கருவைச் சூழ்ந்த மேகம்போல அவை விரிந்து நிற்கின்றன என்பதே இன்றைய அறிவியலின் கொள்கை. ஓரணுவின் எலக்ட்ரான் மேகம் மற்றோர் அணுவின் எலக்ட்ரான் மேகத்துக்கு எளிதில் இடங்கொடாது. நாம் தொட்டறியும் கடினம் என்பது இம்மறுப்பேயாகும். கனத்தைத் தருவது கரு. கடினத்தைத் தருவது எலக்ட்ரான். இரும்பின் நிறம், அது காந்தத்தால் ஈர்க்கப்படுதல், மின்சாரத்தைக் கடத்துதல், மழையில் நனைந்து துருப்பிடித்தல், உலையில் உருகுதல் ஆகிய இவை யாவும் எலக்ட்ரான்களின் செயல்களே.

எளியன பெருஞ்சுமை தாங்கும் இவ்வுண்மையை விண்மீன்களிடத்துக் கண்டவர் நம் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர். 1930-ஆம் ஆண்டில், இருபது வயது நிரம்பாத அவ்விளைஞர் மேற்படிப்புக்காகக் கப்பலேறி இங்கிலாந்து செல்லும் வழியில் ஒரு கணக்கினை ஆராய்ந்தார். எரிந்தடங்கிய விண்மீன் தன் பெருநிறையால் தன்னையே நெருக்கிக்கொண்டு, வெண்குறுமீன் என்னும் நிலையை அடையும். அதன் நிறை அணுக்கருக்களுக்கு உரியது. ஆனால் அது மேலும் நொறுங்கிவிடாதவாறு தாங்கி நிற்பவை எலக்ட்ரான்கள். அவை எவ்வளவு சுமையைத் தாங்கும்? சூரியனின் நிறையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு வரையே தாங்கும் என்பது அவ்வாராய்ச்சியின் முடிவு. அவ்வெல்லை இன்று சந்திரசேகர் வரம்பு என வழங்கப்படுகின்றது. 1983-இல் அவருக்கு நோபல் பரிசு அளிக்கப்பெற்றது.

இனி, உலையினுள் நிகழ்வதனை நோக்குவோம். இரும்பு 1,538 பாகை செல்சியசில் உருகும். அவ்வெப்பத்தில் அணுக்கள் தம்முள் கொண்ட பிணைப்புத் தளர்ந்து, திண்மை நீங்கிக் குழம்பாகின்றது. ஆனால் அணுக்கருவோ சிறிதும் மாறுவதில்லை. எலக்ட்ரான்களை அசைக்கும் ஆற்றலைப்போல் பல இலட்சம் மடங்கு ஆற்றல் இருந்தாலன்றிக் கருவை அசைக்க இயலாது. நெருப்பும் நீரும் அமிலமும் சம்மட்டியும் அணுவின் வாயிற்படியில் நின்றுவிடுகின்றன. உள்ளறைக்குள் அவற்றுக்கு இடமில்லை. இவ்வொரு செய்தியை மாணவர்கள் நன்கு மனத்தில் இருத்துதல் வேண்டும். இனிக் கூறப்போவன யாவும் இதனை அடிப்படையாகக் கொண்டவை.

ஒரே தனிமத்தின் அணுக்கள் யாவும் ஒரே நிறையுடையனவோ எனின், அல்ல. புரோட்டான்களின் எண்ணிக்கை மாறாதிருக்க, நியூட்ரான்களின் எண்ணிக்கை மட்டும் கூடியும் குறைந்தும் இருத்தல் உண்டு. அத்தகைய அணுக்களை ஐசோடோப்புகள் என்பர். அவை ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் போன்றவை. பெயர் ஒன்று, தோற்றம் ஒன்று, குணமும் பெரும்பாலும் ஒன்று. நிறை மட்டும் வேறு. ஹைட்ரஜன் அணுவின் கருவில் புரோட்டானோடு ஒரு நியூட்ரானும் சேர்ந்தால் அது கனஹைட்ரஜன். அதனாலாகிய நீர் கனநீர். கண்டவர் அதனை வெறும் நீர் என்றே கொள்வர். ஆயினும் அது சாதாரண நீரைவிட நூற்றுக்குப் பத்துப் பங்குக்குச் சற்று மேலாகக் கனமுடையது. அதனாலாகிய பனிக்கட்டி சாதாரண நீரில் மிதவாது மூழ்கிவிடும். செங்கற்பட்டு மாவட்டத்துக் கல்பாக்கத்தில் 1983-இலும் 1985-இலும் இயங்கத் தொடங்கிய சென்னை அணுமின் நிலையத்தின் இரண்டு உலைகளும் இக்கனநீரைப் பயன்படுத்தும் வகையின.

ஐசோடோப்புகளில் சில நிலையானவை, சில நிலையற்றவை. நிலையற்றவற்றின் கரு, கதிர்களை வெளியிட்டு வேறொரு தனிமத்தின் கருவாக மாறும். எந்த அணு எப்பொழுது மாறும் என்று கூற இயலாது. ஆனால் பெருந்தொகையான அணுக்களில் பாதி மாறுவதற்கு எவ்வளவு காலம் ஆகும் என்பதனைத் திட்டமாகக் கூறலாம். அதனை அரைவாழ்வுக் காலம் என்பர். வெயிலோ மழையோ தீயோ அக்காலத்தைக் கூட்டவும் குறைக்கவும் வல்லன அல்ல; ஏனெனில் அவை கருவைத் தீண்டுவதில்லை. எனவே இத்தகைய அணுக்கள் நின்றுபோகாத கடிகாரங்களாகப் பயன்படுகின்றன.

அக்கடிகாரம் நம் திருவள்ளூர் மாவட்டத்தின் பழமையைக் காட்டியமை ஓர் அரிய வரலாறு. பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அருகே, கொசத்தலை ஆற்றுப் பகுதியில் உள்ள சிற்றூர் அத்திரம்பாக்கம். 1863-இல் புவியியலறிஞர் இராபர்ட் புரூஸ் பூட் அங்குக் கற்கோடரிகளைக் கண்டெடுத்தார். குவார்ட்சைட்டு என்னும் வன்கல்லைச் செதுக்கி ஆதிமனிதர் செய்த கருவிகள் அவை. அவற்றின் காலம் யாது? கல்லின்மேல் ஆண்டு எழுதப்படவில்லை. நெடுங்காலம் இவ்வினாவுக்குத் திட்டமான விடை இல்லாதிருந்தது. 1999 முதல் தொல்லியலறிஞர் சாந்தி பப்பு அவர்களும் அவர்தம் குழுவினரும் அங்கு முறையாக அகழ்ந்து ஆராய்ந்தனர். பிரெஞ்சு நாட்டு அறிஞரும் அவர்களோடு சேர்ந்தனர்.

விண்வெளியிலிருந்து அண்டக் கதிர்கள் ஓயாது பூமியின்மேல் விழுகின்றன. நிலத்தின்மேல் கிடக்கும் கல்லில் சிலிக்கானும் ஆக்சிஜனும் உள்ளன. அண்டக் கதிர் தாக்கியதும் சிலிக்கானின் கரு சிதைந்து நிறையெண் 26 கொண்ட அலுமினியமாகவும், ஆக்சிஜனின் கரு சிதைந்து நிறையெண் 10 கொண்ட பெரிலியமாகவும் மாறுகின்றன. இயற்கையில் நாம் காணும் அலுமினியத்தின் நிறையெண் 27; பெரிலியத்தின் நிறையெண் 9. எனவே கல்லில் பிறந்த இவ்வணுக்கள் தம் நிறையால் தனித்து அறியப்படும். கல் நிலத்தின்மேல் கிடக்கும் வரை, ஒரு பெரிலிய அணுவுக்கு ஏறத்தாழ ஏழு அலுமினிய அணுக்கள் என்னும் விகிதத்தில் இவை உண்டாகும். கல் ஆழத்தில் புதையுண்டபின் அண்டக் கதிர் அதனை எட்டுவதில்லை. புதியன தோன்றா, பழையன மட்டும் மாறிக் குறைந்துகொண்டே வரும். அலுமினியத்தின் அரைவாழ்வு ஏறத்தாழ 7 இலட்சம் ஆண்டு. பெரிலியத்தின் அரைவாழ்வு ஏறத்தாழ 14 இலட்சம் ஆண்டு. ஆகவே 14 இலட்சம் ஆண்டு கழிந்தால் அலுமினியம் கால் பங்காகும். பெரிலியம் அரைப் பங்காகும். ஏழுக்கு ஒன்று என்றிருந்த விகிதம் மூன்றரைக்கு ஒன்றாகிவிடும். இன்றுள்ள விகிதத்தை அளந்தால், கல் புதையுண்ட காலம் தெரியவரும்.

கோடிக்கணக்கான அணுக்களிடையே இச்சில அணுக்களை எவ்வாறு எண்ணுவது? அணுக்களுக்கு மின்னேற்றி விரைந்து ஓடச்செய்து, காந்தப் புலத்தின் ஊடே செலுத்துவர். ஒரே விரைவில் செல்லும்பொழுது இலேசான அணு மிகுதியாக வளையும். கனமான அணு குறைவாக வளையும். முறத்தில் புடைத்தால் பதரும் மணியும் பிரிவது போல, அணுக்கள் தத்தம் நிறைக்கேற்பப் பிரிகின்றன. இம்முறையால் கண்ட முடிவு 2011-இல் வெளியிடப்பெற்றது. அத்திரம்பாக்கத்துக் கற்கருவிகளின் வயது சராசரியாக 15.1 இலட்சம் ஆண்டு! இன்றைய மனித இனம் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே, நம் மாவட்டத்து ஆற்றங்கரையில் கைவினை அறிந்த ஆதிமாந்தர் வாழ்ந்தனர் என்பது இதனால் பெறப்பட்டது. அணுவின் நிறை கருவில் இருப்பதாலும், அக்கருவைப் பதினைந்து இலட்சம் ஆண்டு மழையும் வெயிலும் தீண்ட இயலாமையாலுமே இச்செய்தி நமக்குக் கிடைத்தது.

கருவை நெருப்பு தீண்டாது என்னும் அதே உண்மை, கும்மிடிப்பூண்டி உலைகளருகே உழைப்பார்க்கு ஓர் எச்சரிக்கையாகவும் அமைகின்றது. கோபால்ட்டு என்னும் உலோகத்தின் இயற்கை அணுவுக்கு நிறையெண் 59. அணு உலையில் அதனோடு ஒரு நியூட்ரான் சேர்க்கப்பெற்றால் கோபால்ட்டு-60 ஆகும். இது கடுமையான காமாக் கதிர்களை வெளியிடும். புற்றுநோய் மருத்துவத்திலும், மருத்துவக் கருவிகளில் உள்ள நுண்ணுயிர்களை அழிப்பதிலும் இது பெரும்பயன் தருகின்றது. ஆனால் காப்பின்றி அணுகுவார்க்கு இதுவே கூற்றாகும். கோபால்ட்டு-59 உடன் வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் வேறுபாடு கண்ணுக்குப் புலப்படாது. இரண்டின் எலக்ட்ரான்களும் ஒரே எண்ணிக்கையின அல்லவா? கதிருக்கு நிறமில்லை, மணமில்லை, தொட்டால் சுடுவதுமில்லை.

2010 ஏப்ரலில் டில்லி மாநகரத்து மாயாபுரிப் பழம்பொருட் சந்தையில் ஒரு துன்பம் நிகழ்ந்தது. ஆய்வுக்கூடம் ஒன்றில் பல்லாண்டு பயன்படாது கிடந்த கோபால்ட்டு-60 கருவி ஏலத்தில் பழைய இரும்பாக விற்கப்பட்டது. உள்ளிருப்பது யாதென அறியாது தொழிலாளர் அதனைப் பிரித்தனர். பலர் கதிரால் நலிந்து மருத்துவமனையை அடைந்தனர். ஒருவர் உயிர் துறந்தார். 1983-இல் மெக்சிகோ நாட்டு உவாரெசு நகரில் அத்தகைய கருவி ஒன்றின் கோபால்ட்டு பழைய இரும்போடு கலந்து உலைக்கே சென்றுவிட்டது. உலைத்தீ அதன் நஞ்சை எரித்துவிடவில்லை. கோபால்ட்டு இரும்போடு உருகிக் கலந்து, வீடு கட்டும் கம்பிகளாக வெளிவந்தது. 1984 சனவரியில், அக்கம்பிகளை ஏற்றிய வண்டி ஒன்று அமெரிக்க நாட்டு லாசு அலமோசு ஆய்வகத்து வாயிலருகே தற்செயலாகச் சென்றபொழுது, அங்கிருந்த கதிர் உணர்கருவி ஒலித்தது. அதன் பின்னரே உண்மை வெளிப்பட்டது. அக்கம்பிகளால் கட்டிய வீடுகள் நூற்றுக்கணக்கில் இடிக்கப்பட வேண்டியவாயின.

எரித்தால் எல்லாம் அழிந்துவிடும் என்பது மக்களின் பொது நம்பிக்கை. நோய்க்கிருமிக்கு அது பொருந்தும், கதிரியக்கத்துக்குப் பொருந்தாது. கிருமியின் வாழ்வு எலக்ட்ரான்கள் பிணைத்த பிணைப்புகளில் உள்ளது. கதிரியக்கமோ கருவில் உள்ளது. கோபால்ட்டு-60 பாதியாகக் குறைவதற்கு ஐந்தே கால் ஆண்டு ஆகும். உலையில் இட்டாலும் ஆற்றில் எறிந்தாலும் அக்காலம் ஒரு நாளும் குறையாது. ஆதலின், காயலான் கடையிலோ ஆலை முற்றத்திலோ குவிந்த பழைய இரும்பிடையே, மஞ்சள் நிறத்தின்மேல் மூவிதழ்ச் சின்னம் பொறித்த பொருளையோ, அளவுக்கு மீறிக் கனக்கும் ஈயக் கூட்டினையோ காண நேர்ந்தால், அதனை வெட்டவோ உடைக்கவோ வீட்டுக்கு எடுத்துச் செல்லவோ கூடாது. உடனே விலகி நின்று, பிறரையும் விலக்கி, மேலாளருக்கும் காவல் துறைக்கும் அறிவித்தல் வேண்டும். இத்தகைய பொருள்களைக் கண்காணிப்பதற்கென்றே 1983 முதல் இந்தியாவில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் இயங்கி வருகின்றது. எழுதப் படிக்க அறிந்த பிள்ளை ஒன்று வீட்டிலிருந்து இச்சின்னத்தின் பொருளைத் தந்தைக்கோ தமையனுக்கோ எடுத்துரைக்குமாயின், இப்பாடம் தன் பயனைப் பெற்றதாகும்.

இறுதியாக ஒரு வினா எஞ்சுகின்றது. நிறை கருவில் உள்ளது என்றோம். கருவினுள் அது யாதாக உள்ளது? 26 புரோட்டான்களையும் 30 நியூட்ரான்களையும் தனித்தனியே நிறுத்துக் கூட்டினால் வரும் தொகையைவிட, அவை சேர்ந்தமைந்த இரும்பின் கரு ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு குறைந்த நிறையே உடையது! அவை ஒன்றுகூடும்பொழுது அப்பங்கு ஆற்றலாக வெளியேறிவிடுகின்றது. நிறையும் ஆற்றலும் ஒன்றே என 1905-இல் ஐன்ஸ்டைன் கண்ட உண்மைக்கு இது சான்று. கருத்துகள்கள் மிக உறுதியாகப் பிணைந்துள்ள தனிமங்களுள் இரும்பு முன்வரிசையில் நிற்கின்றது. பெரிய விண்மீன்களின் நடுவில் இலேசான கருக்கள் ஒன்றுகூடி ஆற்றலை விளைவிக்கும் நிகழ்ச்சி இரும்பின் எல்லையோடு நின்றுபோவதும் இதனாலேயே.

புரோட்டானும் நியூட்ரானும் குவார்க்கு எனப்படும் இன்னும் நுண்ணிய துகள்களால் ஆனவை. அக்குவார்க்குகளின் சொந்த நிறையைக் கூட்டினால், புரோட்டானின் நிறையில் நூற்றில் ஒரு பங்களவே தேறும். எஞ்சியது, அவற்றைப் பிணித்து நிற்கும் விசையின் ஆற்றலும் அவற்றின் ஓயாத இயக்கத்தின் ஆற்றலுமே. ஆகவே கையை அழுத்தும் இரும்பின் கனத்தில் பெரும்பகுதி, அசையாது கிடக்கும் பொருளின் கனமன்று. ஓயாது இயங்கும் ஆற்றலின் கனமாகும்.

மாணவர்களே! சாலையோரத்தில் கம்பிகளை ஏற்றிய வண்டி செல்லும்பொழுது அதனை இனி வெறும் இரும்பு என எண்ணாதீர்கள். அதன் திண்மை எலக்ட்ரான்களின் கொடை. அதன் நிறை கண்ணுக்கெட்டாத கருவின் செல்வம். அவ்விரண்டும் விண்மீன்களின் வயிற்றில் ஒன்றுகூடிய வரலாறு உடையவை. மலையைக் கண்டு வியத்தல் எளிது. அணுவைக் கண்டு வியப்பதற்கோ கல்வி வேண்டும். அக்கல்வி வியப்பை மட்டும் தருவதன்று. நம் ஊரின் பழமையைக் காட்டுவதும், நம் வீட்டாரின் உயிரைக் காப்பதும் அதுவே.